டைட்டனின் காற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கோளைச் சுற்றிவரும் டைட்டன் என்ற நிலவின் வளிமண்டலத்தை ஆராய்வதுதான் என் தொழில். இந்த வேலையைப் பினாங்கில் இருந்துகொண்டு செய்கிறேன் என்று சொன்னால், கேட்பவருக்கு முதலில் சிரிப்பு வரும். பின்னாலேயே கேள்வி வரும். தமிழ்ப்பள்ளிகளிலும் கோயில் மண்டபங்களிலும் பேசப் போகும்போது துண்டுத்தாள்களில் எழுதித் தரப்படும் கேள்விகளை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். அவற்றுள் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே விடை எழுதியுள்ளேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். மீத்தேன் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை நீண்டுவிட்டது. என் வேலை முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடப்பதால் அதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் நிலவில் காற்றே இல்லையே, டைட்டனில் மட்டும் எப்படி?

டைட்டன் சிறிய நிலவன்று. 1655ஆம் ஆண்டில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் கண்டறிந்த இந்நிலவின் விட்டம் 5,150 கி.மீ.; புதன் கோளைவிடச் சற்றுப் பெரியது. அதன் காற்றில் ஏறத்தாழ 95 விழுக்காடு நைட்ரஜன், தரையை ஒட்டிய பகுதியில் 5 விழுக்காடு மீத்தேன், அவற்றோடு சிறிதளவு ஹைட்ரஜனும் இன்னும் பல கரிமச் சேர்மங்களும் உள்ளன. நாம் சுவாசிக்கும் காற்றிலும் பெரும்பங்கு நைட்ரஜன்தான் என்பதால், சூரியக் குடும்பத்தில் நம் காற்றுக்கு நெருங்கிய உறவு என்று இதைச் சொல்லலாம்; ஆனால் அங்கே ஆக்சிஜன் கிடையாது, தரையின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 179 டிகிரி செல்சியஸ்.

காற்றழுத்தம் நம் கடல்மட்டத்தில் இருப்பதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடலில் ஐந்து மீட்டர் ஆழத்துக்கு மூழ்கினால் உங்கள் காதில் எவ்வளவு அழுத்தம் தெரியுமோ, டைட்டன் தரையில் நின்றாலும் அவ்வளவுதான். ஒன்றரை மடங்கு என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் அங்கே ஈர்ப்பு நம் ஈர்ப்பில் ஏழில் ஒரு பங்குதான். அவ்வளவு பலவீனமான ஈர்ப்பில் இந்த அழுத்தம் உண்டாக வேண்டுமானால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கு மேலும் பூமியில் உள்ளதைப்போல் பத்து மடங்கு காற்று குவிந்திருக்க வேண்டும், அப்படித்தான் குவிந்திருக்கிறது. பிடிப்புக் குறைந்த அந்தக் காற்று மிக உயரத்துக்குப் பரவியும் நிற்கிறது: சனியை ஆராயச் சென்ற காசினி விண்கலம் டைட்டனை நெருங்கிப் பறந்தபோது, பொதுவாகத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கி.மீ. உயரத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். பூமியைச் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையம் வெறும் 400 கி.மீ. உயரத்தில்தான் இருக்கிறது.

வியாழனின் கனிமீடு டைட்டனைவிடப் பெரியது. அதற்கு ஏன் இப்படி அடர்ந்த காற்று இல்லை?

படிவம் ஐந்து மாணவி ஒருவர் கேட்டது; நல்ல கேள்வி. பருமன் மட்டும் போதாது, குளிரும் வேண்டும். சனி உருவான தொலைவில் அம்மோனியாவும் மீத்தேனும் பனிக்கட்டியோடு சேர்ந்து சிக்கிக்கொள்ளும் அளவுக்குக் குளிர் இருந்தது; வியாழனுக்கு அருகே அவ்வளவு இல்லை. டைட்டனின் நைட்ரஜன் முதலில் அம்மோனியாவாக வந்து பின்னரே நைட்ரஜனாக மாறியது என்பதற்கு ஒரு சான்று உண்டு. நைட்ரஜன் வாயுவாகவே வந்து சிக்கியிருந்தால், அதைப்போலவே ஆவியாகும் தன்மையுள்ள ஆர்கான்-36 என்ற வாயுவும் கூடவே நிறையச் சிக்கியிருக்கும். காசினி சுமந்து சென்று டைட்டனில் இறக்கிய ஹைகன்ஸ் ஆய்வுக்கலம் தேடியபோது ஆர்கான்-36 மிக மிகக் குறைவாகவே அகப்பட்டது.

இவ்வளவு தொலைவில் உள்ள காற்றில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

பெரும்பாலும் ஒளியில் எது குறைகிறது என்று பார்த்துத்தான். சூரிய ஒளி டைட்டனின் காற்றுக்குள் புகுந்து, தெறித்து, நம்மிடம் வந்து சேர்வதற்குள், அங்குள்ள ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய நிறங்களை அதிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. நிறமாலையில் அந்த இடங்கள் இருண்ட பட்டைகளாகத் தெரியும். டெக்சாசில் உள்ள மெக்டொனால்ட் வானாய்வகத்தில் ஜெரார்ட் கைப்பர் இப்படித்தான் மீத்தேனின் பட்டைகளைக் கண்டு 1944இல் வெளியிட்டார். ஒரு நிலவுக்கு வளிமண்டலம் உண்டு என்று உறுதிப்பட்டது அப்போதுதான்.

ஆனால் நைட்ரஜன் அப்படி எளிதில் பட்டை காட்டுவதில்லை. ஆகவே 36 ஆண்டுகள், சிறுபான்மையான மீத்தேன் மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிந்தது. பெரும்பான்மை மறைந்தே இருந்தது. 1980 நவம்பர் 12 அன்று வாயேஜர்-1 டைட்டனை நெருங்கிக் கடந்தபோது அதன் புறஊதாக் கருவி நைட்ரஜனின் ஒளிர்வைப் பிடித்தது. அதே நாளில், டைட்டனுக்குப் பின்னால் மறைந்து மீண்டும் வெளிப்படும் வழியில் விண்கலம் தன் வானொலி அலைகளை அந்தக் காற்றின் ஊடாகப் பூமிக்கு அனுப்பியது. காற்று அடர்த்தியாக ஆக அலை வளையும். எவ்வளவு வளைந்தது என்று அளந்தே, ஒரு வெப்பமானியும் இறங்காமல், தரை வரைக்குமான அழுத்தத்தையும் வெப்பநிலையையும் கணக்கிட்டுவிட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 2005 ஜனவரி 14 அன்று, ஹைகன்ஸ் கலம் வான்குடையில் இறங்கி நேரில் அளந்தபோது அந்த எண்கள் ஏறத்தாழ அப்படியே பொருந்தின. என் துறையில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது.

டைட்டனை மூடியிருக்கும் அந்த ஆரஞ்சு நிறப் புகை நம்மூர்ப் புகைமூட்டம் போன்றதா?

1997 செப்டம்பரில் நான் தொடக்கப்பள்ளி மாணவன். காட்டுத்தீயின் புகை நாட்டையே மூடியிருந்தது. சரவாக்கில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நண்பகலில் சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது, அது ஒரு தேங்காய்ப்பூ அப்பத்தின் நடுவே இருக்கும் வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த மாதம் 15ஆம் தேதி காசினி விண்கலம் புறப்பட்டுச் சென்றது. அந்தச் செய்தியை நான் அப்போது அறியவில்லை.

ஒளி மங்கும் முறையில் இரண்டும் ஒன்றே: நுண்துகள்கள் நீல ஒளியை விழுங்கிச் செந்நிறத்தை விட்டுவைக்கின்றன. உண்டாகும் முறை வேறு. டைட்டனில் எதுவும் எரிவதில்லை. மிக உயரத்தில் சூரியனின் புறஊதாக் கதிரும் சனியின் காந்தமண்டலத்திலிருந்து வரும் மின்துகள்களும் மீத்தேனையும் நைட்ரஜனையும் உடைக்கின்றன. உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று கூடி ஈத்தேன், அசிட்டிலீன், ஹைட்ரஜன் சயனைடு, பென்சீன் என்று வளர்ந்து, இறுதியில் பிசுபிசுப்பான பழுப்புத் துகள்களாகின்றன. கார்ல் சேகனும் பிஷுன் கரேயும் ஆய்வகக் குடுவையில் இதைப்போன்ற பொருளை உண்டாக்கி, 1979இல் அதற்குத் தோலின் என்று பெயர் வைத்தனர். குடுவையின் உட்சுவரில் அது படிந்திருப்பதைப் பார்த்தால், நாள்பட்ட எண்ணெய்ச் சட்டியின் அடிப்பிசுக்கு நினைவுக்கு வரும்.

இந்தப் புகை தரையைக் குளிர்விக்கவும் செய்கிறது. மீத்தேனும் ஹைட்ரஜனும் நைட்ரஜனும் சேர்ந்து பசுமைக்குடில் விளைவால் தரையை 21 டிகிரி சூடாக்குகின்றன. புகையோ சூரிய ஒளியை மேலேயே தடுத்து அதில் 9 டிகிரியைப் பறித்துக்கொள்கிறது. கையில் மிஞ்சுவது 12 டிகிரி.

மீத்தேன் ஏன் இன்னும் தீரவில்லை?

கணக்குப்படி தீர்ந்திருக்க வேண்டும். மேலே சொன்னதுபோல் சூரிய ஒளி மீத்தேனை உடைக்கிறது. அப்போது பிரியும் ஹைட்ரஜன் மிக இலேசானது. டைட்டனின் ஈர்ப்பால் அதைப் பிடித்து வைக்க முடியாது, விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது. ஹைட்ரஜன் போய்விட்டால் துண்டுகள் மறுபடி மீத்தேனாகச் சேர வழியில்லை. ஆகவே இது ஒருவழிப் பாதை. இப்போது காற்றில் உள்ள மீத்தேன் முழுவதும் சில கோடி ஆண்டுகளில் அழிந்துவிடும். டைட்டனின் வயதோ 450 கோடி ஆண்டு. மாதச் சம்பளம் வராத வீட்டில் சேமிப்பு மட்டும் குறையாமல் இருப்பதைப் பார்த்தால் நமக்கு என்ன சந்தேகம் வருமோ, அதே சந்தேகம்தான் இங்கேயும்: எங்கிருந்தோ வரவு இருக்கிறது.

முதலில் கடலைச் சந்தேகித்தார்கள். மீத்தேன் அழிந்தால் பெரும்பகுதி ஈத்தேனாக மாறி மழையாக விழ வேண்டும். இத்தனை கோடி ஆண்டுகளில் நிலவு முழுவதையும் மூடும் ஆழமான ஈத்தேன் கடல் உண்டாகியிருக்க வேண்டும். அந்தக் கடலே மீத்தேனையும் கரைத்து வைத்துக்கொண்டு காற்றுக்குத் திருப்பித் தரும் என்று 1983இல் கருதினார்கள். காசினி ரேடாரால் புகையை ஊடுருவிப் பார்த்தபோது அப்படியொரு கடல் இல்லை. வடதுருவத்தை ஒட்டி கிராக்கன், லிஜீயா, பங்கா என்ற மூன்று கடல்களும் பல ஏரிகளும் உள்ளன. நிலநடுக்கோட்டைச் சுற்றி மணல்மேடுகளே உள்ளன. அந்தக் கடல்களிலும் எதிர்பார்த்ததைவிட ஈத்தேன் குறைவு. லிஜீயாவில் பெரும்பகுதி மீத்தேன்தான்.

எனவே இப்போது சந்தேகம் தரைக்கு அடியில் திரும்பியிருக்கிறது. பனிக்கட்டியின் படிகக் கூண்டுகளுக்குள் மீத்தேன் அடைபட்டுக் கிடந்து, அவ்வப்போது பெரிய அளவில் வெளியேறியிருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் கருத்து. அடியிலிருந்து வாயு மேலே வருகிறது என்பதற்கு ஹைகன்ஸ் தந்த நேரடிச் சான்று ஆர்கான்-40. பாறையில் உள்ள கதிரியக்கப் பொட்டாசியம் சிதைந்தே அது உண்டாகும். பாறையோ டைட்டனின் நடுவில், பல நூறு கி.மீ. பனிக்கும் நீருக்கும் கீழே இருக்கிறது. அங்கே பிறந்த வாயு காற்றில் இருக்கிறதென்றால் வழி ஏதோ ஒன்று திறந்திருக்கிறது அல்லது திறந்திருந்தது. இன்னொரு சான்று கார்பனின் எடையில் இருக்கிறது. மீத்தேன் நெடுங்காலம் அழிந்துகொண்டே இருந்தால், இலேசான கார்பன் முதலில் குறைந்து கனமான கார்பனின் விகிதம் ஏற வேண்டும். அப்படிப் பெரிதாக ஏறவில்லை. இப்போதுள்ள மீத்தேன் டைட்டனோடு பிறந்ததன்று, அதைவிட இளையது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

மீத்தேன் உடையும்போது முதலில் விழும் துண்டு மெத்தில் என்ற ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மூலக்கூறு. பிறந்ததும் வேறொன்றோடு கூடிவிடும் என்பதால் அதைப் பிடிப்பது கடினம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022 நவம்பரிலும் 2023 ஜூலையிலும் டைட்டனைப் பார்த்தபோது அதன் ஒளிர்வு பதிவானது. 2025இல் முடிவு வெளிவந்தது. அரைக்கும் ஆட்டுக்கல்லை நிறுத்தாமலே உள்ளே மாவைப் பார்த்ததற்கு ஒப்பான செயல் அது.

தீக்குச்சி கிழித்தால் டைட்டன் வெடிக்குமா?

வெடிக்காது, தீக்குச்சியே பற்றாது. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும், அங்கே அது பனிக்கட்டிக்குள் நீராகக் கட்டுண்டு கிடக்கிறது.

மீத்தேன் மழை எப்படி இருக்கும்?

சரவாக்கின் பிந்துலுவில் இயற்கை எரிவாயுவை உறைநிலைக்குக் கீழே 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். அந்தத் திரவத்தில் பெரும்பங்கு மீத்தேன்தான். டைட்டன் அதைவிடக் குளிரானது. அங்கே மீத்தேன் தானாகவே முகிலாகி மழையாகிறது. துளிகள் ஒரு சென்டிமீட்டர் வரை, கொண்டைக்கடலை அளவுக்குப் பெருக்கலாம். ஈர்ப்புக் குறைவு, காற்றின் அடர்த்தி அதிகம் என்பதால் அவை நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில்தான் இறங்கும் என்று கணக்கிட்டுள்ளனர். நம்மூரில் கொட்டும் மழையின் பெரிய துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. டைட்டனில், தலைக்கு மேலே இரண்டாம் மாடி உயரத்தில் துளி ஒன்றைக் கண்டுவிட்டுக் குடையை விரிக்கப் போதுமான நேரம் கிடைக்கும்.

மழை அடிக்கடி பெய்வதில்லை. 2010 செப்டம்பரில் நிலநடுக்கோட்டுக்கு அருகே அம்பு வடிவத்தில் பெரிய முகில் ஒன்று தோன்றியது. அதன்பின் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கி.மீ. நிலம் நனைந்தாற்போல் கருத்துக் காணப்பட்டது. மலேசியாவின் மொத்தப் பரப்பைவிட அது பெரிது.

அங்கே காற்று பலமாக வீசுமா?

தரையில் நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. கொடியில் காயும் துணிகூடச் சரியாக ஆடாது. 120 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 100 மீட்டருக்கு மேல். டைட்டன் தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 16 நாள் எடுத்துக்கொள்ளும் சோம்பலான நிலவு. உயரத்துக் காற்றோ அந்தத் தரையைப் பல மடங்கு முந்திக்கொண்டு ஓடுகிறது. நடுவே 80 கி.மீ. உயரத்தை ஒட்டிக் காற்று ஏறக்குறைய நின்றேவிடுகிறது.

இந்த அளவுகள் கிடைத்த கதையையும் சொல்ல வேண்டும். ஹைகன்ஸ் கலம் இரண்டு அலைவரிசைகளில் செய்தி அனுப்பியது. ஒன்றுக்கான ஏற்பியைக் காசினியில் இயக்கும் கட்டளை, கட்டளைப் பட்டியலில் விடுபட்டுப் போயிற்று. எடுத்த படங்களில் பாதி போயிற்று. காற்றின் வேகத்தை அளக்கும் சோதனையும் அந்த வரிசையையே நம்பியிருந்தது. ஆனால் அமெரிக்காவின் கிரீன் பேங்க், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் முதலிய வானொலித் தொலைநோக்கிகள் 120 கோடி கி.மீ. தொலைவிலிருந்து வந்த அந்த மெல்லிய அலையைத் தாமே கேட்டுக்கொண்டிருந்தன. கலம் காற்றில் அடித்துச் செல்லப்படும்போது அலையின் அதிர்வெண்ணில் ஏற்படும் சிறு மாற்றத்திலிருந்து வேகம் மீட்கப்பட்டது.

ஏழரைச் சனிக்கும் உங்கள் ஆய்வுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

பலன் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அந்த எண் எனக்கும் வேண்டியிருக்கிறது. சனி சூரியனை ஒருமுறை சுற்ற 29½ ஆண்டுகள் ஆகின்றன. பன்னிரண்டு ராசிகளுக்குப் பங்கிட்டால் ராசிக்கு இரண்டரை ஆண்டு. மூன்று ராசி சேர்ந்தால் ஏழரை. மூன்று ராசி என்பது வட்டத்தில் கால் பங்கு. சனியும் டைட்டனும் சாய்ந்த நிலையில் சூரியனைச் சுற்றுவதால் அங்கே நான்கு பருவங்கள் உண்டு. ஒரு பருவமும் அதே கால் பங்குதான். ஆக, டைட்டனில் ஒரு கோடை ஏழரை ஆண்டு நீடிக்கிறது. காசினி 2004 முதல் 2017 வரை பதின்மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தும் வடபகுதியின் குளிர்காலத்திலிருந்து கோடையின் தொடக்கம் வரைதான் பார்க்க முடிந்தது.

பினாங்கிலிருந்து டைட்டனைப் பார்க்க முடியுமா?

முடியும். ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் மேல்தளத்திலிருந்து 80 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் பார்த்திருக்கிறேன். எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விளக்குகள் எரிந்தாலும் அது தெரியும். சனியின் வளையத்துக்கு விலகி, வளையத்தின் அகலத்தைப்போல் சில மடங்கு தள்ளி, ஊசிமுனை போன்ற ஒரு புள்ளி. அது டைட்டன்தானா, பின்னால் உள்ள விண்மீனா என்று ஐயம் இருந்தால் ஒரு தாளில் குறித்து வைத்து மூன்று இரவு கழித்துப் பாருங்கள்; டைட்டன் இடம் மாறியிருக்கும். 16 நாளில் சுற்றி முடித்துப் பழைய இடத்துக்கு வரும். பிப்ரவரி போன்ற வறண்ட மாதங்கள் நல்லவை, சனி இரவில் தெரியும் காலமாக அது அமைந்தால்.

இங்கே இருந்துகொண்டு எப்படி ஆய்வு செய்கிறீர்கள்?

காசினி எடுத்த அளவுகள் அனைத்தையும் நாசா தன் கோளியல் தரவுக் காப்பகத்தில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. அனுமதிக் கடிதமோ கட்டணமோ வேண்டாம். ஒரு மடிக்கணினியும் பைத்தான் நிரலும் பொறுமையும் இருந்தால் போதும்; மூன்றாவதுதான் எளிதில் கிடைப்பதில்லை. நான் செய்வது இதுதான்: ஓர் உயரத்தில் எவ்வளவு மீத்தேன், எவ்வளவு புகை இருக்கலாம் என்று ஒரு மாதிரிக் காற்றை எண்களால் அமைத்து, அதன் ஊடே ஒளி சென்றால் எந்த நிறமாலை கிடைக்கும் என்று கணிப்பேன், அதை உண்மையான நிறமாலையோடு வைத்துப் பார்ப்பேன், பொருந்தாத இடத்தில் எண்ணை மாற்றி மறுபடியும் கணிப்பேன். ஒருமுறை ஆறு வாரம் ஒரு பட்டை பொருந்தவே இல்லை. டைட்டனில் புதிதாக ஏதோ இருக்கிறது என்று மனம் குறுகுறுத்தது. கடைசியில் நானே அலைநீளத்தின் ஓர் அலகை மாற்றி எழுதியிருந்தேன் என்று தெரிந்தது.

உயிர் இருக்குமா?

கரிமப் பொருள் ஏராளம், அடியில் நீர்க்கடல் உண்டு, ஆனால் இதுவரை எந்த அளவீடும் உயிரைக் காட்டவில்லை. இதற்குமேல் இந்தக் கேள்வியில் நான் நேரம் செலவிடுவதில்லை.

அடுத்து யார் போகிறார்கள்?

நாசாவின் டிராகன்ஃபிளை. பெயருக்குத் தும்பி என்று பொருள். எட்டுச் சுழலிகள் பொருத்திய பறக்கும் ஆய்வுக்கலம். 2028 ஜூலையில் ஏவவும் 2034இல் இறங்கவும் திட்டம். காற்று நம் காற்றைப்போல் நான்கு மடங்கு அடர்த்தி, ஈர்ப்பு ஏழில் ஒரு பங்கு என்பதால், சக்கரத்தில் உருள்வதைவிடப் பறப்பதே அங்கே சிக்கனம். புகைக்கு அடியில் சூரியத் தகடு பயன்படாது. புளுட்டோனியத்தின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மணல்மேடுகளில் இறங்கி, செல்க் என்ற பழைய பள்ளத்தை நோக்கித் தாவித் தாவிச் செல்லும்.

டைட்டனில் என்ன வாசனை அடிக்கும்?

இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி பென்சிலால் எழுதிக் கொடுத்த கேள்வி. டின்னில் இருப்பவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது. நைட்ரஜனுக்கு மணமில்லை. மீத்தேனுக்கும் மணமில்லை, வீட்டு எரிவாயு உருளையில் வரும் நாற்றம், கசிந்தால் தெரியட்டும் என்று வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. ஆனால் அந்தப் பழுப்புத் துகளைக் கொஞ்சம் அள்ளிவந்து அறையில் வைத்துச் சூடாக்கினால், அதிலுள்ள பென்சீன் போன்றவை மெல்லக் கிளம்பும். பெட்ரோல் நிலையத்தில் அப்பா வண்டிக்கு எண்ணெய் ஊற்றும்போது ஒரு வாடை வருமே, அதைப்போல இருக்கும் என்று சொன்னேன். கூடவே ஹைட்ரஜன் சயனைடும் வரும் என்பதால் முகர்ந்து பார்க்கக் கூடாது என்றும் சொன்னேன். “அப்போ ஜன்னலைத் திறந்து வச்சுக்கணும், சார்” என்றாள்.